மாமியின் முதிரைக் கட்டிலும் 36 மாதத் தவணையும்

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கணவர் பரந்தன் பக்கத்தில் வயல் செய்கிறார். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டைப் பெருப்பித்து, ஹோல், டைல்ஸ் தரை, அலுமினிய யன்னல் என்று புதிதாக்கியிருக்கிறோம். ஆவணியில் குடிபூரல். கனடாவிலிருந்து மச்சாள் (கணவரின் அக்கா) குடும்பமாக வருகிறார். எங்களிடம் இருப்பவை காலஞ்சென்ற மாமியின் பழைய முதிரை மரத் தளபாடங்கள்: தூண் வைத்த கட்டில், அலுமாரி, மேசை, ஆறு பிரம்புக் கதிரைகள். 2003 இல் ஏ9 வீதி திறந்திருந்தபோது வவுனியாவில் சித்தி வீட்டுக்கு லொறியில் அனுப்பியதால்தான் இவை தப்பின. மச்சாள் தொலைபேசியில், “இந்த வீட்டுக்குள் அந்தக் கறுத்தச் சாமான்களை வைக்க வேண்டாம், புதிதாக எடுங்கள், நான் பிறகு கொஞ்சம் அனுப்புகிறேன்” என்கிறார். கடையில் சோபா, சாப்பாட்டு மேசை, அலுமாரி, தொலைக்காட்சி மேடை எல்லாம் 680,000 ரூபா. பழையவற்றை ஒரு வியாபாரி 80,000 ரூபாவுக்குக் கேட்கிறார். அதை முற்பணமாகக் கொடுத்து, மீதி 600,000 ரூபாவை 18 வீத நிலையான வட்டியில் 36 மாதத் தவணைக்குப் போடலாம் என்கிறார்கள். பழையவற்றைப் புதுப்பிக்கத் தச்சர் 135,000 ரூபா கேட்கிறார். எங்கள் வருமானம் ஏறக்குறைய 140,000, செலவு 85,000, வங்கிக் கடனுக்கு 22,000, லீசிங் 14,500. ஆவணியில் எனக்கு 60,000 ரூபா சீட்டு விழும். கிழமைக்கு 3,200 ரூபா கட்டும் சிறு கடன் ஒன்றும் உண்டு. எது நல்லது? கட்டிலின் தூண்களை வெட்டினால் புதுப் பாணிக்கு வருமா?

பதில்: கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கணக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது சோபாவும் அல்ல, மச்சாளும் அல்ல. வருமானத்தையும் செலவையும் ஒழுங்காக எழுதிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு “சிறு கடன் ஒன்றும் உண்டு” என்று சேர்த்த அந்த ஒரு வரிதான். நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டுப் படத்தைப் பார்த்தேன். அது மகளின் சாமத்தியச் சடங்குக்காக எடுக்கப்பட்டு, மாமனாரின் ஆண்டுத் திவசத்துக்காக ஒருமுறையும் வீட்டு வேலைக்காக இன்னொரு முறையும் முடிவதற்கு முன்னரே புதுப்பிக்கப்பட்ட கடன். இப்போது குடிபூரல் வருகிறது. ஆட்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றவுடன் கடன் எடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் வேரூன்றிவிட்டது. தளபாடக் கேள்வியை அதன் பிறகுதான் பார்க்க முடியும்.

முதலில் அந்தக் கிழமைக் கடன். 120,000 ரூபாவுக்கு 52 கிழமைகள், கிழமைக்கு 3,200 என்றால் மொத்தம் 166,400 ரூபா கட்டுகிறீர்கள். 46,400 ரூபாதானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்து குறைந்துகொண்டு வருவதால், உங்கள் கையில் உண்மையில் இருக்கும் பணத்துக்கு இந்த வட்டி ஆண்டுக்கு 60 வீதத்துக்கும் மேலாகிறது. இதைவிடக் கொடியது புதுப்பித்தல். இருபது கிழமைகள் மீதி இருக்கும்போது புதுப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியான 64,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 56,000 ரூபாவை மட்டுமே கையில் தருவார்கள். கழித்த 64,000 ரூபாவுக்குள் ஏறக்குறைய 17,800 ரூபா ஏற்கெனவே போட்ட வட்டி. அந்த வட்டிக்கும் இனிப் புதிதாக வட்டி ஓடும். கையில் வாங்கிய 56,000 ரூபாவுக்காக மறுபடியும் முதலிலிருந்து 166,400 ரூபா கட்டத் தொடங்குவீர்கள். இதை நீங்கள் இருமுறை செய்திருக்கிறீர்கள். வன்னியில் எத்தனையோ பெண்கள் இந்தச் சுழிக்குள் நின்றதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. கிழமைக் காசைக் கிழமைக் காசாகவே பார்த்தார்கள், மாதக் கணக்குக்குள் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள். கடிதத்தின்படி 140,000 ரூபாவில் செலவும் வங்கிக் கடனும் லீசிங்கும் போக 18,500 ரூபா மிஞ்சுகிறது. தவணை மாதம் 25,700 ரூபா அளவில் வரும், மச்சாள் கொஞ்சம் அனுப்பினால் சமாளிக்கலாம் என்று நீங்கள் எண்ணியது இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். கிழமைக்கு 3,200 என்பது மாதத்துக்கு ஏறத்தாழ 13,900. அதையும் கழித்தால் மிஞ்சுவது 4,600 ரூபா. அதுவும் காலபோகமும் சிறுபோகமும் ஒழுங்காக விளைந்து, நெல்லுக்கு நியாயமான விலை கிடைத்த ஆண்டின் சராசரி. வயல் வருமானம் மாதந்தோறும் வருவதில்லை என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியாததல்ல. இந்த நிலையில் புதிய தவணை சேர்ந்தால் மாதத்துக்கு 21,000 ரூபா துண்டு விழும். அந்தத் துண்டை எதனால் அடைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்: கிழமைக் கடனை மூன்றாவது முறையும் புதுப்பிப்பீர்கள்.

தவணைக்காரர் சொல்லும் “18 வீத நிலையான வட்டி” பற்றியும் சொல்ல வேண்டும். நிலையான வட்டி என்றால், நீங்கள் கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், வட்டி மட்டும் மூன்று ஆண்டுகளுக்கும் முழு 600,000 ரூபாவின் மீதே கணக்கிடப்படும். வட்டி 324,000, மொத்தக் கட்டுக்காசு 924,000. குறைந்து செல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 30 வீதத்தைத் தொடுகிறது. உங்கள் வங்கிக் கடனின் வட்டி வீதத்தோடு இந்த 30 ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் 18 ஐ ஒப்பிடாதீர்கள். முற்பணத்தையும் கூட்டினால் அந்தச் சாமான்களுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மை விலை பத்து இலட்சம் ரூபாவுக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி மரமே அல்ல, மரத்தூளைப் பசையோடு அழுத்தி மேலே ஒரு தாள் ஒட்டிய பலகை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு, நான் போன ஒரு வீட்டில் அப்படிப்பட்ட அலுமாரி ஒன்றின் அடி நீரில் ஊறிய பாண் போல உப்பி, கதவு பிணைச்சலோடு கழன்று கிடந்தது. அதே வீட்டில் முழங்கால் அளவு நீரில் நின்ற பழைய மர மேசையைச் சேறு கழுவி, நிழலில் காயவைத்து, அடுத்த மாதமே பிள்ளைகள் அதில் படித்தார்கள். வெள்ளம் வேண்டாம், டைல்ஸ் தரையை நாள்தோறும் நீர் விட்டுத் துடைப்பதே அந்தப் பலகைகளின் அடியை ஊறவைக்கப் போதும். 36 மாதத் தவணை முடியும்போது அந்த அலுமாரி உங்கள் வீட்டில் நிற்குமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் கையில் இருப்பது என்னவென்று பார்ப்போம். மாமியின் காலத்து முதிரையில் இன்று அதே அளவில் புதிதாகச் செய்வது எளிதல்ல. காட்டில் முதிரை வெட்டுவது அனுமதியில்லாமல் செய்யக்கூடிய காரியமும் அல்ல. வைரம் பாய்ந்த முதிரை இரும்பு போலக் கனமானது. உள்ளே பொன்மஞ்சள் நிறமும் பட்டுப் போன்ற மினுக்கமும் கொண்டது. உங்கள் மச்சாள் “கறுத்தச் சாமான்” என்று சொல்வது மரத்தின் நிறத்தை அல்ல. அது ஐம்பது ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் பூசிய பொலிஷும் விளக்குப் புகையும் கைப்பிசுக்கும் சேர்ந்த கறுப்பு. வியாபாரி அவற்றை 80,000 ரூபாவுக்குக் கேட்பது கட்டில் தூணில் நகத்தால் சுரண்டி உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் என்று நினைக்கிறேன். “பழசைத் தந்து புதுசை எடுங்கள்” என்று யார் சொன்னாலும், பழசை அவர் எங்கே கொண்டுபோய் என்ன விலைக்கு விற்கப்போகிறார் என்று கேளுங்கள்.

தச்சரிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மேசையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்துக் கரைந்து பஞ்சில் பழுப்பாக வந்தால் அது அரக்குப் பொலிஷ். அதை ஸ்பிரிட்டாலும் கையாலும் எடுத்துவிடலாம். இயந்திரம் வைத்து உராயத் தேவையில்லை. இயந்திரம் கூலியையும் கூட்டும், கட்டில் தலைமாட்டின் செதுக்கு வேலையையும் தின்றுவிடும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சொறியை உண்டாக்கும், ஆகவே பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். அலுமாரியின் பின்பலகையை மட்டும் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் முகப்புக்கு வைரத்தையும் பின்பக்கத்துக்கு மலிவு மரத்தையும் போடுவது வழக்கம், உளு அங்கேதான் இருக்கும். ஊசித்துளைகளின் கீழே புதிய மாவு விழுந்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி எரித்துவிட்டு ஒட்டுப்பலகை அடியுங்கள். அதற்காக அலுமாரியையே விற்க வேண்டியதில்லை.

புதிய வீட்டுக்குப் பொருந்த வைப்பதற்கு அதிகம் செய்ய வேண்டியதும் இல்லை. பளபளக்கும் பொலிஷைத் தவிர்த்து மினுக்கம் குறைந்த தெளிந்த பூச்சைப் போடச் சொல்லுங்கள். மரத்தின் சொந்த நிறம் வெள்ளைச் சுவருக்கும் வெளிர் தரைக்கும் முன்னால் தானாக எடுப்பாக நிற்கும். அலுமாரியின் உச்சியில் இருக்கும் வளைவு முகட்டைக் கழற்றி வைத்தால் உயரமும் பழமைத் தோற்றமும் குறையும். கைபிடிகளை மாற்றினாலே பாதி வேலை முடியும். கதிரைகளுக்குப் புதுப் பிரம்பு பின்ன வேண்டும். டைல்ஸ் கீறாமல் கால்களின் அடியில் தடித்த கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். இப்போது பரவியிருக்கும் நாகரிகம் ஒன்றை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன்: பழைய மரத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடிப்பது. மலிவு மரத்துக்கு அது சரி. முதிரைக்கு அடித்தால் உங்கள் சொத்தின் விலையை நீங்களே காசு கொடுத்து அழிக்கிறீர்கள்.

காசுக்கு வழி இதுதான். தச்சர் கேட்ட 135,000 ரூபாவை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். பிரித்துக் கேட்டால் மேசைக்கும் ஆறு கதிரைகளுக்கும் 48,000 ரூபா அளவில் முடியும் என்று நினைக்கிறேன். குடிபூரலன்று ஆட்கள் பார்ப்பதும் உட்காருவதும் அவற்றில்தான். அந்தத் தொகை உங்கள் சீட்டிலிருந்து வரட்டும். சீட்டு ஆவணியில்தான் விழும் என்பதால், முன்னர் விழுபவர் ஒருவருடன் முறை மாற்றிக்கொள்ள முடியுமா என்று சீட்டுப் பிடிப்பவரிடம் இப்போதே கேளுங்கள். முடியாவிட்டால் தச்சருக்கு மூன்றில் ஒரு பங்கை முற்பணமாகவும் மீதியைச் சீட்டு விழுந்ததும் தருவதாகவும் எழுத்தில் பேசிக்கொள்ளலாம். அந்த முற்பணமான 16,000 ரூபாவுக்குக்கூடக் கடன் எடுக்காதீர்கள். மாத மிச்சத்தில் சேரச் சேரக் கொடுங்கள். பூச்சு வேலையைச் சோளகக் காற்று வீசும் இந்தக் காலத்திலேயே முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பூசினால் அரக்கு வெண்மை பிடித்து மங்கிவிடும். ஆனால் சோளகத்தில் புழுதியும் பறக்கும் என்பதால், காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில், கதவடைத்த அறைக்குள் பூசச் சொல்லுங்கள்.

கட்டிலும் அலுமாரியும் காத்திருக்கட்டும். கிழமைக் கடனில் இன்னும் 31 கிழமைகள் இருக்கின்றன. புதுப்பிக்காமல் விட்டால் மார்கழியோடு முடியும். அதன் பிறகு மாதம் 13,900 ரூபா உங்கள் கையிலேயே நிற்கும். மீதி 87,000 ரூபா வேலைக்கு அது ஆறு, ஏழு மாதக் காசு. காலபோக அறுவடை நன்றாக இருந்தால் பங்குனியிலேயே தொடங்கலாம். கடன்காரரின் வெளிக்கள உத்தியோகத்தர் ஐப்பசி, கார்த்திகையில் வந்து “நீங்கள் நல்ல வாடிக்கையாளர், கூட்டித் தருகிறோம்” என்பார். அன்று கடன் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் முன்னிலையில் “வேண்டாம்” என்று சொல்வதுதான் இந்த ஆண்டில் நீங்கள் செய்யப்போகும் மிகக் கடினமான காரியமாக இருக்கும். கணவரிடம் இன்றே சொல்லி வையுங்கள், இருவரும் சேர்ந்து சொன்னால் எளிது.

மச்சாள் “பிறகு அனுப்புகிறேன்” என்ற பணத்தை எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். கையில் வராத பணத்துக்குத் தவணை எழுதக்கூடாது என்கிறேன். ஒரேயொரு கதிரையை இந்தக் கிழமையே தச்சரிடம் கொடுத்துப் பூச்செடுத்து, பிரம்பு பின்னி, புது ஹோலில் வைத்துப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். “மச்சாள், இது மாமி இருந்த கதிரை, மற்ற ஐந்துக்கும் பிரம்புக் காசு நீங்கள் தந்தால் சந்தோசம்” என்று எழுதுங்கள். தொகை சிறியது, எதற்கென்று தெளிவானது, அவருடைய தாயாரின் பொருளுக்கானது. அனுப்பினால் நல்லது, அனுப்பாவிட்டாலும் உங்கள் கணக்குக் குலையாது.

கட்டில் தூண்களை வெட்டலாம். நுளம்பு வலை கட்டுவதற்காக நிறுத்திய தூண்கள் அவை. தலைமாட்டின் உயரத்துக்குக் குறைத்தால் கட்டில் இன்றைய அறைக்குப் பொருந்தும், வெட்டிய துண்டுகள் சிறு மேசைக்குக் கால்களாகும். ஆனால் ஆவணிக்கு முன் வெட்ட வேண்டாம். வெட்டிய தூணை ஒட்ட முடியாது, அந்தக் கட்டிலில் உங்கள் கணவருக்கு உள்ள உரித்து அவருடைய அக்காவுக்கும் உண்டு. அவர் வந்து, தாயாரின் கட்டிலைக் கண்ணால் பார்த்து, அதில் ஓர் இரவு படுத்து எழும்பட்டும். வெட்டுவதா என்பதை அவரிடமும் கேட்டுவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.