திருவனந்தபுரம் – ஹீத்ரோ தூரம்: எக்செல் ஏன் 3,670 காட்டுகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு உள்ள தூரத்தை எக்செல்லில் சூத்திரம் போட்டுக் கணக்கிட்டால் 3,670 கி.மீ. வருகிறது, சரியா என்று கேட்டிருந்தீர்கள். தப்பு, ஏறக்குறைய 8,400 கி.மீ. வரவேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியிலேயே சூத்திரத்தில் போட்டிருப்பீர்கள். எக்செல்லின் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) கணக்குப் போடும்.

சந்தேகம் இருந்தால் காலிக் கட்டத்தில் 60-க்கு காஸ் போட்டுப் பாருங்கள். 0.5 வராது, −0.95 வரும். ஒவ்வொரு கோணத்தையும் முதலில், டிகிரியை ரேடியனாக மாற்றும் ரேடியன்ஸ் (RADIANS) ஃபங்ஷனுக்குள் கொடுங்கள். நீங்கள் போட்ட பூமியின் ஆரம் 6,371 கி.மீ. சரிதான்.

அப்புறம், ஹீத்ரோ, தீர்க்கரேகை 0 ஆக இருக்கும் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது, அதனால் அதன் தீர்க்கரேகை −0.45. மைனஸை விட்டால் தூரம் 60 கி.மீ. போலக் குறையும். விடை நம்பும்படியே இருப்பதால் கண்ணில் படாது, அதுதான் வம்பு.

களியக்காவிளையில் டிராவல்ஸ் நடத்துவதாகச் சொன்னீர்கள். இந்த எண்ணை வைத்து வாடிக்கையாளருக்குப் பயண நேரம் சொல்லிவிடாதீர்கள். இது இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கக்கூடிய மிகக் குறுகிய தூரம் மட்டுமே. காற்று, மூடிய வான்பகுதி பார்த்து விமானம் சுற்றித்தான் போகும்.