காட்டுக் காளானில் கடைக் காளானைவிட சத்து அதிகமா?

கேள்வி: மழைக்காலத்தில் காட்டில் முளைக்கும் காளான்களில் புரதமும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும் ஏராளம், கடையில் விற்பதெல்லாம் வெறும் சக்கை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, பாதி யூடியூப்.

எங்கள் பக்கம், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், காட்டுக் காளான் என்றால் முதலில் புற்றுக்காளான்தான். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்து, நடுவில் கொஞ்சம் வெயிலும் அடித்தால் கரையான் இருக்கிற மேட்டில் முளைக்கும். கரையான்கள் மண்ணுக்குள் தங்கள் சாப்பாட்டுக்காக வளர்க்கிற பூஞ்சையிலிருந்து கிளம்பி வருவது அது. கரையான் இல்லாமல் வளராது என்பதால் சிப்பிக்காளான் மாதிரி கொட்டகை போட்டு வளர்க்க வழியில்லை, அதனால்தான் அந்த விலை. விரியாத மொட்டாகப் பிடுங்கி, மண் ஒட்டிய வேரைக் கத்தியால் சீவிவிட்டு, நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கினால் அதுவே தண்ணீர் விட்டு அதிலேயே வெந்துவிடும். ருசியில் கடையில் விற்கிற மொட்டுக்காளான் (பட்டன் காளான்) பக்கத்தில்கூட வர முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சத்துக்கு வருவோம். "காளானில் 30 சதவீதம் புரதம், கறிக்குச் சமம்" என்று சொல்வதெல்லாம் காயவைத்த எடைக்கான கணக்கு. பச்சைக் காளானில் 90 சதவீதம் தண்ணீர்தான். கடையில் வாங்கும் மொட்டுக்காளானில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் புரதம், ஆக 200 கிராம் பாக்கெட் முழுதும் தின்றால் ஒரு முட்டை அளவுக்கு வரும். காட்டுக் காளான்களில் இனத்துக்கு இனம் கூடக் குறைய இருக்கும், ஆனால் தண்ணீர்க் கணக்கு பெரிதாக மாறாது. மற்றபடி கலோரி குறைவு, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, பொட்டாசியம், செம்பு, பி வைட்டமின்களில் சில நன்றாகவே உண்டு. நல்ல உணவு, அவ்வளவுதான்.

ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை அடக்குகிற பொருள், இந்த விஷயத்தில்தான் அதிகம் கதை விடுகிறார்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், காளான் சாற்றை டிபிபிஹெச் என்கிற ஊதா நிறக் கரைசலில் விட்டு, ஊதா எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறது என்று அளக்கிறார்கள். அது கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது. நம் வயிற்றில் போய், செரித்து, ரத்தத்தில் கலந்து அதே வேலையைச் செய்யும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. புற்றுநோயைத் தடுக்கும் என்று அதை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் நான் உண்மையிலேயே மதிக்கிறேன்: எர்கோதயோனின். கந்தகம் உள்ள அமினோ அமிலம், பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும்தான் தயாரிக்கும், நம் உடம்பால் முடியாது. 2005இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், இதை செல்லுக்குள் இழுத்துக்கொள்வதற்கென்றே மனித உடம்பில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. தேவையில்லாத ஒன்றுக்கு உடம்பு தனிக் கதவு வைக்குமா என்று யோசித்தால் விஷயம் பிடிபடும், அதற்காக இதனால் இன்ன நோய் தீரும் என்று இன்னும் யாரும் நிரூபித்துவிடவில்லை. இது ஐரோப்பியக் காடுகளின் போர்ச்சினி காளானில் மிக அதிகம், நம் கடைச் சிப்பிக்காளானிலும் தாராளமாக உண்டு. சூட்டில் எளிதில் அழியாது, தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

காட்டுக் காளான் பொதுவாக ஜெயிக்கிற இடம் வைட்டமின் டி. எல்லாக் காளானிலும் எர்கோஸ்டிரால் என்கிற ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது, வெயில் பட்டால் அது வைட்டமின் டியின் ஒரு வகையான டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்ந்த காளானுக்கு அந்த வாய்ப்பில்லை. சரி, அதற்காகக் காட்டுக்கு ஓட வேண்டாம், கடைக் காளானை நறுக்கி உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே போதும்.

அப்புறம், கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். அமானிட்டா இனத்துக் கொடிய காளான்களின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, வாந்தி பேதியே ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் தொடங்கும், நடுவில் சரியானது போல் இருந்துவிட்டுக் கல்லீரலைக் காலி செய்யும். விஷக் காளானோடு போட்டு வேகவைத்தால் வெள்ளிக் காசு கறுக்கும், பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். புல்வெளியில் வெள்ளைக் குடையில் பழுப்புச் செதிலோடு முளைத்து, முற்றினால் குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகள் பச்சையாகிற காளான் ஒன்று நம் ஊரிலும் உண்டு, தின்றால் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுக்கவைக்கும். நல்ல இனமாகவே இருந்தாலும் சாலையோரம், குப்பைமேடு, மருந்தடித்த வயலோரம் முளைத்தால் விட்டுவிடுங்கள், காட்மியம், ஈயம் போன்றவற்றைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் ரோட்டோரம் கூறு கட்டி விற்பவர்களிடம் வாங்குவதாக இருந்தால், காலங்காலமாகப் பறித்துத் தாங்களும் சமைத்துச் சாப்பிடுகிற ஆட்களிடம் மட்டும் வாங்குங்கள். புற்றுக்காளானுக்குக் குடை நடுவில் கூர் இருக்கும், தண்டு கீழே நீளமான வேராக மண்ணுக்குள் போயிருக்கும். வேரை அறுத்துவிட்டு வெறும் குடையாக வைத்திருந்தால் நான் வாங்குவதில்லை, அந்தக் காசுக்கு இரண்டு பாக்கெட் சிப்பிக்காளான் வாங்கிவிடுவேன்.