46 சாமானும் ஒரு சுத்தியலும்

கேள்வி: ஆன்லைனில் 46 சாமான் அடங்கிய டூல் பெட்டி 599 ரூபாய்க்கு வருகிறது. 48 வோல்ட் பேட்டரி டிரில் மெஷினும் பாதி விலை. வீட்டு வேலைக்குப் போதாதா? மலிவு என்றாலே மட்டம்தானா? ஐயா காலத்துச் சுத்தியல் ஒன்று பிடி இல்லாமல் கிடக்கிறது, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மலிவெல்லாம் மட்டமில்லை, ஆச்சி. ஆனால் அந்த 46-இல் உங்களுக்கு வேண்டியது எத்தனை? கல்யாணத்துக்குச் சாமான் பரப்புகிற ஊர் நம்முடையது. பெட்டியைத் திறந்ததும் எல்லாம் வரிசையாக மின்னினால் மயங்கத்தான் செய்வோம். நானும் மயங்கி அப்படியொரு பெட்டி வாங்கினேன். சமையலறை அலமாரிக் கீல் ஒன்றைக் கழற்றப் போனேன். நான்காவது திருகிலேயே ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரின் முனை மழுங்கி, திருகின் தலையையும் சேர்த்து வழித்துவிட்டது. ஆசாரியை வரவழைத்துத் திருகை எடுக்கக் கொடுத்த கூலியில் நல்ல ஸ்க்ரூ டிரைவரே இரண்டு வாங்கியிருக்கலாம்.

அளக்கும் டேப், பிரஷ், பூச்சுக் கரண்டி, ஒட்டுப்பட்டை எல்லாம் மலிவாகவே வாங்குங்கள். (டேப் முனையிலுள்ள கொக்கி லேசாக ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் கொக்கியின் கனம் கணக்கில் இடிக்காமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள்.) வெட்டுவது, பிடித்து முறுக்குவது, கரண்டைத் தொடுவது: இந்த மூன்றில் பேரம் வேண்டாம். டெஸ்டரில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

முடிந்தவரை கடைக்கே போய் வாங்குங்கள். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுவாய் வழியாக வெளிச்சம் கசிந்தால் அது ஒயரை வெட்டாது, நசுக்கும். டிரில் பிட்டை, அதாவது மெஷினில் மாட்டி ஓட்டை போடும் கம்பியை, கண்ணாடி மேஜையில் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்த பிட். ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு திருகைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம் அந்த 48 வோல்ட். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். 48-ஐ நெருங்கவே 13 செல்களை வரிசையாகக் கோக்க வேண்டும். அந்தச் சின்ன பேட்டரியில் 13 எங்கே அடங்கும்? பெரும்பாலும் ஐந்துதான் வரிசையில் இருக்கும், அதாவது 18 வோல்ட். எண்ணுக்குப் பின்னால் ‘விஎஃப்’ (VF) என்று போட்டிருந்தால் அது வோல்ட்டே இல்லை, விற்பவர் வைத்த பெயர். வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுகிற வீட்டில் பேட்டரி சும்மா கிடந்தே கெட்டுப்போகும். ஒயர் வைத்த சாதாரண டிரில் போதும். மெஷினில் வேண்டுமானால் மிச்சம் பிடியுங்கள், பிட்டில் பிடிக்காதீர்கள். சுவருக்குக் கார்பைடு என்கிற மிகக் கடினமான முனை வைத்த பிட் வேண்டும்.

உங்கள் வீடு பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரா? அப்படியானால் டிரில்லில் இடித்து இடித்துத் துளைக்க வைக்கிற ஹேமர் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றிக் காரை பெயர்ந்துவிடும். அந்த வழவழப்பை மறுபடி பூசிக்கொடுக்கிற கைகள் இப்போது ஊரில் எத்தனை? மெல்லிய பிட்டில் மெதுவாகத் தொடங்கி, பிறகு பெரிய பிட்டுக்குப் போங்கள். தேக்குக் கதவென்றாலும் முதலில் சிறிய ஓட்டை போட்டுவிட்டுத்தான் திருகை இறக்க வேண்டும்.

சரி, ஐயாவின் சுத்தியல். தலையில் விரிசல் இல்லையென்றால் ஆசாரியிடம் கொடுத்து நல்ல மரத்தில் பிடி போட்டு, மேலே ஒரு ஆப்பு அடித்து வாங்குங்கள். பிடி ஆடினால் இன்னொரு ஆப்பு. பழைய இரும்புக்காரர் வந்தால் என் பெட்டியில் 45 சாமான் இருக்கிறது, இங்கே அனுப்பிவையுங்கள்.