பேனா மீட்டருக்கு ஃப்ளோரைடு தெரியாது

கேள்வி: தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் கிராமம். எங்கள் போர் 650 அடி. தண்ணீர் உப்புக் கரிக்காது, பருப்பு நன்றாக வேகும். ஆனால் 7 வயது மகளுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் காவிக் கோடு விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒருவர் பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் விட்டு 640 என்று காட்டினார். பிறகு கம்பிகள் உள்ள ஒரு பெட்டியை நனைத்தார், எங்கள் தண்ணீர் சேறாகிவிட்டது, அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நின்றது. ஃப்ளோரைடும் கிருமியும் காட்டும் சென்சார் 4,500 ரூபாய், ஆர்.ஓ. மெஷின் 18,000 ரூபாய் என்கிறார். சென்சாரையாவது வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் சிறு பகுதிக்கு ஆய்வகத்தில் சரியான ஃப்ளோரைடு எண்ணே கிடைத்துவிடும். பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃப்ளோரைடு அளவு மீறினால், உருவாகும் பற்களில் இப்படிக் காவிக் கோடு விழலாம்.

பேனா மீட்டர் அளப்பது ஒன்றைத்தான்: தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை. அதை ஒரு எண்ணால் பெருக்கி மொத்தக் கரைபொருள், அதாவது டி.டி.எஸ். என்று காட்டுகிறது. எந்த உப்பு கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடவே வரும் சோடியத்தைச் சேர்த்தாலும் அந்த 640-ல் அதன் பங்கு ஏழு புள்ளிதான். மலிவு மீட்டரின் பிழையே அதைவிட அதிகம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி டி.டி.எஸ். 500 வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். 640 விஷம் அல்ல. ஃப்ளோரைடுக்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. நீங்கள் தேட வேண்டிய எண் இதுதான்.

பருப்பு நன்றாக வேகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். பருப்பு வேகும் தண்ணீரில் கால்சியம் குறைவு. கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைக்கும். இல்லையென்றால் பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு தண்ணீரிலேயே தங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரியின் கெட்டிப்பாறை நிலத்தில், வாய்க்கு ருசியான போர் தண்ணீர்தான் சில சமயம் பல்லுக்குப் பகை. ருசியை நம்பாதீர்கள்.

அந்தக் கம்பிப் பெட்டி பச்சை ஏமாற்று. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகிக் கலங்குகிறது. நீங்கள் பார்த்த சேறு கம்பியிலிருந்து வந்தது, உங்கள் போரிலிருந்து அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்.ஓ. டம்ளரிலேயே ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுக் கம்பியை நனைக்கச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். பெட்டியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஃப்ளோரைடை அளக்கும் நிஜ சென்சார் உண்டு. லாந்தனம் ஃப்ளோரைடு படிகம் பொருத்திய மின்முனை அது. தண்ணீரோடு சம அளவு பஃபர் கரைசல் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அலுமினியமும் இரும்பும் ஃப்ளோரைடைக் கட்டிவைத்து அளவைக் குறைத்துக் காட்டும். அளக்கும் முன் லிட்டருக்கு 1, 10 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள நிர்ணய (ஸ்டாண்டர்டு) கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே 54 முதல் 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பஃபர் எங்கே, ஸ்டாண்டர்டு கரைசல் எங்கே?" இரண்டும் இல்லையென்றால், அவர் கையில் இருப்பது வேறு ஸ்டிக்கர் ஒட்டிய அதே பேனா மீட்டர்.

கிருமியை நொடியில் காட்டும் மலிவுப் பேனா எதுவும் கிடையாது. வீட்டில் செய்யக்கூடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் சோதனை. மருந்து போட்ட அந்தப் பாட்டிலில் குறி வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெயில் படாமல் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுத்தால் மலக் கிருமி இருப்பதாக எடுத்துக்கொண்டு காய்ச்சிக் குடியுங்கள். ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்தாலோ, தண்ணீரிலேயே அழுகிய முட்டை வாடை இருந்தாலோ அது போரில் உள்ள கந்தக வாயுவின் வேலை. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும் முறை: மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, போர்க் குழாயிலேயே பிடியுங்கள், தொட்டியில் வேண்டாம். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்புங்கள். தேதி, ஊர், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில் தனி. அதை அலசக்கூடாது, ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கொடுக்கலாம். "குடிக்க ஏற்றது" என்று ஒரு முத்திரை போட்டு அனுப்பினால் விடாதீர்கள், எண்ணை எழுதிக் கேளுங்கள்.

இதற்கு ஊரிலேயே வழி இருக்க வேண்டும். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு, தண்ணீரை ஊரிலேயே சோதிக்கும் களச்சோதனைப் பெட்டியில் பயிற்சி என்பது ஏற்பாடு. பெட்டியில் உள்ள மருந்தைத் தண்ணீரில் விட்டால், ஃப்ளோரைடு ஏற ஏற இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும், ஐந்து நிமிட வேலை. பெட்டி பீரோவில் பூட்டிக் கிடந்து மருந்து காலாவதியானால் யார் என்ன செய்வது? ஊர்ப் பொதுப் போர் போட்ட தேதியையும் செலவு மதிப்பீட்டையும் பெயின்ட்டில் எழுதத் தெரிந்த பஞ்சாயத்துக்காரர்களுக்கு, ஃப்ளோரைடு எண்ணை எழுத மட்டும் மனம் வருவதில்லை.

பேனா மீட்டருக்கு உண்மையான உபயோகம் ஒன்று உண்டு. பின்னால் ஆர்.ஓ. வாங்க நேர்ந்தால் அதற்குள் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க உதவும். மெஷினைக் கால்மணி ஓட்டி, முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளந்து பாருங்கள். உள்ளே 640, வெளியே 40 என்றால் நல்லது. அதே மெஷினில் சில மாதத்தில் 130 வந்தால் மெம்பிரேன் போகிறது, ஃப்ளோரைடும் கூடவே ஒழுகும். ஆனால் இங்கும் ஒரு கண்ணி: ருசிக்காக என்று 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' திருகைத் திறந்துவைப்பார்கள். அது வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் குழாய். போரில் ஃப்ளோரைடு 4, வடிகட்டியதில் 0.3 என்று வையுங்கள். முப்பது சதவீதம் கலந்தால் 1.4 ஆகிவிடும். காசு கொடுத்து வடிகட்டியதைக் காசு கொடுத்தே கெடுப்பது. திருகை முழுக்க மூடச் சொல்லி, மூடியபின் அளந்து பாருங்கள். தாது உப்பைச் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்னால் அளந்து பாருங்கள், இல்லையென்றால் எண் உயர்ந்து காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

மகளின் பல்லைப் பல் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். ஃப்ளோரைடுதான் காரணம் என்றால், அந்தப் பற்கள் ஈறுக்குள் உருவான முதல் நான்கைந்து வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு அது. தேய்த்தால் போகாது. ஆனால் கடைவாயில் இன்னும் உருவாகும் பற்கள் இருக்கின்றன. முடிவு வரும்வரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் களி கிளறவும் அதையே ஊற்றுங்கள், களி கொதித்த தண்ணீரை முழுக்க இழுத்துக்கொள்ளும். 2013-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான். பற்றாக்குறை நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலப்பது உண்டு. தண்ணீர் திறப்பவரைக் கேட்டு, ஆற்றுத் தண்ணீர் மட்டும் வரும் நாளில் பிடியுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுத்தொழுவம் அலச இருக்கட்டும்.