லண்டன் மூடுபனி உண்மையிலேயே பனிதானா?

பழைய படங்களில் லண்டன் எப்போதும் பனிக்குள் மூழ்கியிருக்கிறதே, இன்று போனால் ஏன் காணோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பாதிதான் பனி. மீதி நிலக்கரிப் புகை.

தேம்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் பனி இறங்குவது இயல்புதான். ஆனால் வெறும் பனி வெள்ளையாக இருக்கும். லண்டனில் இறங்கியதோ மஞ்சளும் பழுப்புமாக, கந்தக நெடியோடு இருந்தது. வீட்டுக்கு வீடு கணப்படுப்பு, போதாக்குறைக்கு ஆலைகள், மின் நிலையங்கள், ரயில் என்ஜின்கள். எல்லாம் எரித்தது நிலக்கரி.

1952 டிசம்பர் 5 அன்று நிலைமை கைமீறியது. தரையோரம் குளிர்ந்த காற்று, அதன்மேல் மூடி போட்டதுபோல் வெதுவெதுப்பான காற்று. காற்று அசையவில்லை, புகை வெளியேற வழியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நல்ல கரி ஏற்றுமதிக்குப் போக, வீடுகளுக்குக் கிடைத்ததோ கந்தகம் மிகுந்த மட்டமான தூள் கரி. கந்தக டைஆக்சைடு பனித்துளிகளில் கரைந்து அமிலமானது. அதைத்தான் மக்கள் ஐந்து நாள் சுவாசித்தார்கள்.

பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வழி காட்டினார். ஓர் அரங்கில் புகை உள்ளே புகுந்து மேடையே தெரியாமல் போக, இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்றது அன்றைய கணக்கு. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

அப்புறம்தான் 1956இல், கரிப் புகையைக் கட்டுப்படுத்தும் தூய காற்றுச் சட்டம் வந்தது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1962இலும் ஒரு பெரிய புகைப்பனி கவிந்தது. இப்போது அங்கே இறங்குவது சாதாரண வெள்ளைப் பனி. அதுவும் எப்போதாவதுதான்.