மேசைக்கு அடியில் ட்ரெட்மில்: வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. நான்கு வருடங்களாக வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை ஆகிவிடுகிறது. இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. மேசைக்கு அடியில் போட்டு, நடந்துகொண்டே வேலை செய்யும் ட்ரெட்மில் வாங்கலாமா? "ரெண்டே மாதத்தில் அதில் துணிதான் காயும்" என்கிறார் என் கணவர்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த மெஷின் துணிக்கொடியாக மாறுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று அவர் நினைத்தால், அங்கே எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் குற்றவாளி மேசைதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரண மேசை 75 செ.மீ. உயரம் இருக்கும். நின்றபடி டைப் செய்யக் கீபோர்டு உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது தரையிலிருந்து ஏறக்குறைய 100 செ.மீ. ட்ரெட்மில் மேல் ஏறி நின்றால் இன்னும் 10 முதல் 15 செ.மீ. கூடும். ஆக, மேசை 110, 115 செ.மீ. வரை உயர வேண்டும். அப்படி உயரும் மேசை இல்லாதவர்கள் லேப்டாப்பை அட்டைப்பெட்டியின் மேல் ஏற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். கீபோர்டு சரியான உயரத்துக்கு வந்தால் திரை தாழ்ந்துவிடும். திரையை உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். இடுப்பு வலிக்கு வழி தேடிப் போனவருக்குக் கழுத்து வலி வந்து சேரும். பத்து நாளில் மெஷின் சுவரோரம் போய்விடும்.

அடுத்தது உங்கள் வேலை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்தபடி வேலை செய்தவர்களுக்கு மவுஸைப் பிடித்து இழுப்பது போன்ற நுணுக்கமான கைவேலையும், கணக்குப் போடும் திறனும் 6 முதல் 11 சதவீதம் வரை குறைந்தன. படித்துப் புரிந்துகொள்வதில் பாதிப்பு இல்லை. நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எக்ஸெல் ஷீட்டில் எண்களைச் சரிபார்க்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். போன் பேச்சு, நீங்கள் அதிகம் பேசத் தேவையில்லாத மீட்டிங், நீளமான மெயில்களைப் படிப்பது, இவைதான் நடைக்கு ஏற்றவை.

ஒரு வாரம் ஒரு தாளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் செய்த வேலையை நடந்துகொண்டே செய்திருக்க முடியுமா என்று டிக் போடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லையா? மெஷினே வேண்டாம். போன் வரும்போது காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேறினால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

உடல் எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விளம்பரங்கள் அதைத்தான் சொல்கின்றன. 2007-இல் வந்த ஆய்வு ஒன்றில், உடல் பருமன் உள்ள 15 பேர் உட்கார்ந்து வேலை செய்தபோது மணிக்குச் சராசரியாக 72 கலோரியும், சுமார் 1.8 கி.மீ. வேகத்தில் நடந்தபடி செய்தபோது 191 கலோரியும் செலவழித்தார்கள். எடை குறைந்தவருக்குச் செலவும் குறையும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது செய்யச் சொல்லும் மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் இந்த மெல்லிய நடை சேராது. அதற்குக் கொஞ்சமாவது மூச்சு வாங்க வேண்டும். உட்காரும் நேரத்தைக் குறைப்பது மட்டும்தான் இந்த மெஷினின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

உங்கள் இடுப்புக்கு அது நல்லதுதான், ஆனால் இருபது நிமிடத்தில் தொடங்குங்கள். நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் வேறொரு வலியைத்தான் தரும். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, அடிக்கடி தலைசுற்றல் வந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இனி மெஷின். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பல நிறுவனங்கள் ஒரு நொடி எட்டும் உச்சத்தை அச்சிடுகின்றன, தொடர்ந்து தரும் திறனை அல்ல. அதைவிட, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று கையேட்டில் தேடுங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ஓய்வு கொடுக்கச் சொல்லும் மாடல்கள் உண்டு. குறைந்த வேகத்தில் எடையைச் சுமந்து இழுப்பது மோட்டாருக்கு லேசான வேலை இல்லை, சீக்கிரம் சூடேறும். பெல்ட்டுக்கு அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் உராய்வு கூடி மோட்டார் இன்னும் திணறும். பெல்ட்டின் அகலம் 40 செ.மீ.க்குக் குறைந்தால் திரையைப் பார்த்தபடி நடக்கும்போது கால் ஓரத்தில் படும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், நடக்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஓடும் பெல்ட்டின் பின்புற இடுக்கில் விரல் சிக்கினால் தோல் உரிந்துவிடும். அப்புறம், கீழ்வீட்டுக்காரர் இருந்தால் காலடிச் சத்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு உயரம் மாற்றும் மேசையை மட்டும் வாங்குவேன். இரண்டு மாதம் அதில் தினமும் நின்று வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். நின்றால் ட்ரெட்மில்லும் பயன்படும். நிற்காவிட்டாலும் மேசை வீணாகாது.

பிறகு மெஷின் எடுக்கும்போது எடை வரம்பில் உங்கள் எடையை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் கணவர் எடையையும் பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஏறி நடக்கப்போவது அவராகத்தான் இருக்கும்.