சின்ன வெங்காயமும் உள்ளியும்: அறுவடைக்குப் பின் எழும் கேள்விகள்

மட்டக்களப்புக் களுதாவளை மணலில் இருபது வருடமாகச் சின்ன வெங்காயம் நடுகிறவன் என்ற முறையில், பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளி (வெள்ளைப்பூண்டு) பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். பதப்படுத்தும் முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

செட்டிபாளையம்: வெங்காயம் கிண்டி மூன்று நாளாகிறது. தாளை வெட்டி உரப்பையில் கட்டலாமா, ஐயா?

வேண்டாம். தாள் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கழுத்து திறந்தபடி நிற்கும். அழுகல் உள்ளே இறங்குவது அந்த வழியாகத்தான். கிண்டிய வெங்காயத்தை வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி வைத்தால், தாள் காயும், காய் வெயிலில் வெந்துபோகாது. மூன்று நான்கு நாள் கழித்து நிழலுக்கு எடுத்து, மேலும் பத்து முதல் பதினான்கு நாள் காற்றோட்டத்தில் விடுங்கள். கழுத்தை இரு விரலுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளே வழுக்கினால் இன்னும் காயவில்லை, தோல் சரசரத்துக் கழுத்து நூல்போல் இறுகியிருந்தால் போதும். பிறகு தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் கம்பில் தொங்கவிடுங்கள். ஒரு வருடம் மழைக்கு அஞ்சி அரைகுறையாகக் காய்ந்ததை நானும் உரப்பையில் கட்டினேன். மூன்றாம் வாரம் பையைத் தூக்கியபோது அடியிலிருந்து பழுப்பு நீர் ஒழுகியது.

ஏறாவூர்: மண்ணைக் கழுவி எடுக்கலாமா?

கூடாது. காய்ந்தபின் கையால் தேய்த்தால் மண் உதிர்ந்துவிடும்.

கல்முனை: வெலிமடையிலுள்ள உறவினர் தம் தோட்டத்து உள்ளி 15 கிலோ அனுப்பினார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், முளைத்துவிட்டது. அடுப்படியில் தொங்கவிடு என்கிறார் மாமியார்.

உங்கள் மாமியார் சொல்வதே சரி. உள்ளி விரைவாக முளைப்பது ஏறத்தாழ 5 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான குளிரில். வீட்டுப் பெட்டி அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. பெரிய களஞ்சியங்களில் 0 பாகையில் வைப்பார்கள். அது இல்லாத நமக்கு 25, 30 பாகையில் காற்று ஓடும் நிழலே நல்லது.

இதை மறுத்து இருவர் எழுதியிருக்கிறார்கள்: சூட்டில் உள்ளி சுருங்கும் என்கிறார் ஒருவர், சோற்றுப் பானை ஆவி படும் என்கிறார் மற்றவர். சுருங்குவது உண்மைதான், ஆனால் சுருங்கிய பல்லைச் சமைக்கலாம், அழுகியதைச் சமைக்க முடியாது. ஆவி பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன்: பானைக்கு நேர் மேலே அல்லாமல் ஒதுக்குப்புறமாகக் கட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையே போதும். மாரி தொடங்கியதும் உள்ளே எடுத்து, வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மெத்தென்றிருப்பதை அகற்றுங்கள்.

திருக்கோவில்: அந்த உள்ளியை இங்கே நடலாமா?

முளைக்கும், ஆனால் பல் பிரிவதற்குச் சில வாரக் குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெரும்பாலும் தாள் மட்டும் வளரும், அல்லது ஒற்றைப் பல்லாகத் திரளும்.

காத்தான்குடி: உரித்த உள்ளியை நல்லெண்ணெயில் போட்டுப் போத்தலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா?

தயவுசெய்து வைக்காதீர்கள். மண்ணில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் உண்டு. உள்ளியில் புளிப்பு குறைவு, எண்ணெயோ காற்றை அடைத்துவிடும். அந்த வித்துகள் வளர அதுவே போதும். மணமும் சுவையும் மாறாமலே நஞ்சு உண்டாகலாம். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில், குளிரில் வைக்கப்படாத எண்ணெய் உள்ளியை உண்ட 36 பேர் நோயுற்றனர். எண்ணெயில் போட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். நீண்ட நாள் வேண்டுமானால் உரித்த பல்லை உறைகுளிரில் வையுங்கள்.

அக்கரைப்பற்று: தேங்காய் எண்ணெயில்?

எந்த எண்ணெயிலும் இதே பதில்.

வாழைச்சேனை: கொதிக்க வைத்த எண்ணெயில் வதக்கிப் போட்டால்?

வதக்கும்போது பல்லின் உட்புறம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. வித்துகள் அதற்குச் சாவதில்லை. மேலே எழுதியதை மீண்டும் படியுங்கள்.

களுவாஞ்சிகுடி: எங்கள் அம்மம்மா வருடக்கணக்கில் உள்ளி ஊறுகாய் போட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

அம்மம்மா போட்டது வினாகிரியும் உப்பும் சேர்ந்த ஊறுகாயாக இருந்திருக்கும்; அந்தப் புளிப்புதான் காத்தது. வெறும் எண்ணெயில் அந்தக் காவல் இல்லை. வினாகிரியில் உள்ளி நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், தீங்கில்லை.

மட்டக்களப்பு நகர்: எண்ணெயில் போட்டு இரண்டு மாதமாக அலமாரியில் இருக்கிறது. மூடி உப்பவில்லை. பாவிக்கலாமா?

பாவிக்காதீர்கள், ருசி பார்க்கவும் வேண்டாம். மூடியைத் திறக்காமலே இரண்டு பைகளுக்குள் கட்டி, ஆடும் கோழியும் எட்டாத குப்பையில் போடுங்கள்.